முதுகுகள் மட்டும் தெரிந்த சாலை

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது ஒரு கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி, "செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை!" என்று கூவிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற பெண், நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். "இதுக்கா அழுவாங்க? இது போனா இன்னொண்ணு, பின்னாலயே வருது பாரு" என்றார்.

அந்தக் கூவலுக்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தேன். சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகன் குமார், விடுதியை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறான் என்று விடுதியில் நினைத்தார்கள். விடுதியில் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் தெருவில் ஒருவரிடமும் செல்போன் இல்லாத காலம் அது. பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவின் தொலைபேசிதான் எங்களுக்கும். ஒரு மத்தியானம் அதில் அவன் பேசினான். "நல்லா இருக்கேன்னு அம்மாட்ட சொல்லிருங்க. தேட வேண்டாம்" என்றவன், அக்கா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் யாரோ ஊர்ப் பெயர்களை ராகமாகக் கூவியது மட்டும் அக்கா காதில் நின்றது. செங்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியில் புவியியல் நடத்தும் ஆசிரியைதான், "செங்கம் பஸ்னா அது திருவண்ணாமலையாத்தான் இருக்கும் டீச்சர்" என்றார்.

நான் கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கும் மாசி மாதத்தில் நான் விடுப்பு எடுத்தது அதுதான் முதல் தடவை. என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு. அதோடு, பையன் மறுபடி கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டும். "நீ போ. நான் போன்கிட்டயே இருக்கேன்" என்று அவர் ஜெபமணி அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேரடித் தெருவில் ஒரு லாட்ஜ். மேனேஜர் என் முகத்தையும் என் சின்னப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனியாவாம்மா வந்துக்கிறீங்க?"

"ஆமா."

"ஊட்ல ஏதாவது சண்டையா? தப்பா நெனைக்காதீங்க. தனியா வந்து ரூம் கேட்டாலே எங்களுக்குப் பயமாக் கீது. கதவத் தாப்பா போட்டுகினா அப்பால நாங்க இல்ல ஸ்டேசனுக்கு அலையணும்?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அவர் என்னைப் பற்றிப் பயந்த அதே காரியத்தைத்தான் நான் என் மகனைப் பற்றி ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். அந்த வார்த்தையை நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தேன். சுருட்டை முடி, புதிதாக விட்ட மீசை, கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்தது. மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. "இங்க இதுமாதிரி வர்றவங்க ஜாஸ்திம்மா. திரும்பிப் போறவங்களும் ஜாஸ்திதான். கவலப்படாதீங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஆனாலும் உள்தாழ்ப்பாள் இல்லாத அறையாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்.

எங்கள் ஊரில் கிழக்கே போகும் தெரு எதுவானாலும் கடலில் போய் முடியும். இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை. கடலாவது அசையும், மனசு கொஞ்சம் அதோடு போய்வரும். இந்த மலை அசையாமல் நிற்கிறது, பதில் தெரிந்தும் எழுந்து சொல்லாத மாணவன் மாதிரி. அன்று அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் இலையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார்கள். எங்கள் பக்கம் தேங்காய் இல்லாமல் சட்னி என்று ஒன்று கிடையாது. குமாருக்கு வேர்க்கடலை பிடிக்காது. இந்த ஊரில் ஒரு மாதமாக அவன் எதைத் தொட்டுச் சாப்பிட்டான் என்று நினைத்ததும் விழுங்க முடியவில்லை. பரிமாறியவர், "சட்னி காரமா?" என்று தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

கோயிலின் நான்கு கோபுர வாசல், சத்திரங்கள், அன்னதான வரிசை எல்லா இடத்திலும் போட்டோவைக் காட்டினேன். காவி கட்டிய ஒரு பெரியவர் போட்டோவை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல புள்ள" என்று திருப்பிக் கொடுத்தார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். முதல் மணியிலேயே என் கணவர் எடுத்துவிட்டார்.

"புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல."

"சரி, வை. மீட்டர் ஓடும்."

மறுநாள் காலை, லாட்ஜுக்கு எதிரே டீ ஆற்றுபவர் ஒரு சேதி சொன்னார். கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறானாம், தெக்கத்திப் பேச்சாம். மல்லாட்டை என்றால் இவர்களுக்கு நிலக்கடலை. வேர்க்கடலையே பிடிக்காத பிள்ளை கடலை மண்டியிலா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, பிடிக்காத இடத்தில்தானே ஒளிந்துகொள்வான் என்று இன்னொரு கணம். பயத்தில் இருக்கிறவளுக்கு எந்தச் செய்தியும் பொருந்திவிடும். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மண்டி வாசலில் மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்த முதுகைப் பார்த்ததும், "குமார்!" என்று கத்தினேன். நிமிர்ந்த முகம் வேறு. இருபது வயதுதான். தலையெல்லாம் தூசி.

"யாரம்மா வேணும்? பேச்சு நம்ம பக்கம்லா இருக்கு. நான் சங்கரன்கோயில்" என்றான் அந்தப் பையன். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு என்ன தோன்றியதோ, அவசரமாக, "எங்க அம்மைக்கு நான் இங்க இருக்கது தெரியும்" என்றான். மண்டிக்காரர் ஒரு பொட்டலம் வறுத்த கடலையைக் கையில் திணித்து, "வெறுங்கையோட போகாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில் பஸ் டயர் வெடித்துவிட்டது. எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். நெல் மூட்டை ஏற்றி வந்த ஒரு வேன்காரர் பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டார். மூட்டைமேல் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி வந்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், யாரோ ஒருத்தி மாமியாரோடு சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போனதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். "எங்க பூடுவா? கம்மங்கூழு கசந்தா தானா வருவா." அவர்களைப் போல ஒரு ஆள் காணாமல் போனதைப் பற்றிச் சிரிக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று பொறாமையாக இருந்தது. கடலைப் பொட்டலத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் போனேன். அந்தப் பகுதி வேறு ஊர் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு வாடகை அறை. கடைகளில் தேன், மூலிகைப் பொடி, வெள்ளை ஜிப்பா. வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் சைக்கிளில் போனார்கள். அங்கே ஒரு சின்னக் காபிக் கடையில், வெயிலில் சிவந்துபோன ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. கடைக்காரர் மொழிபெயர்த்தார்:

"இந்தப் பையன அவருக்குத் தெரியாதாம். ஆனா முகம் பயந்தாப்பல இருக்குதாம்."

"பயந்தாப்பலயா? இது சிரிக்கிற போட்டோ."

கடைக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார். "வாய் சிரிக்குதாம். அவரு அப்படித்தான் எதனா சொல்வாரும்மா. பாக்காத தேசம் பாக்கி இல்ல அவருக்கு. எல்லாம் பாத்துட்டு இப்ப வருசா வருசம் வந்து பாத்த மலயவே பாத்துகினு கீறாரு. கேட்டா, இன்னும் பாத்து முடியலன்றாரு. காபிக்கு மட்டும் பாக்கி வெக்க மாட்டாரு, அது போதும் நமக்கு."

எனக்குக் கோபமாக வந்தது. என் பிள்ளை முகத்தை எனக்குச் சொல்லித்தர இவர் யார்? போட்டோவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வீடு தள்ளி, வாசலில் சாமான் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். பெயர் சரோஜா. வீட்டின் பின்பக்கம் அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். நான் காபிக் கடையில் பேசியது காதில் விழுந்ததாம்.

"யக்கா, நீ தூத்துக்குடியா? உன்ன மாதிரியே ஒரு புள்ள பேசுவான். 'வாறேன், போறேன்'னு. அவன் வாயத் தொறந்தாலே எங்களுக்குச் சிரிப்பு. கம்மியாத்தான் தொறப்பான்."

போட்டோவைக் கொடுத்தேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இன்னாக்கா இது? தல நெறைய முடி, மீச. நான் பாத்த புள்ள மொட்ட." போட்டோவில் முடியையும் மீசையையும் விரலால் மறைத்துப் பார்த்தார். "அட ஆமாக்கா! இவன்தான்! காது பாரு. இவனேதான்."

ஒரு வாரம்போல அவர் வீட்டில் குடித்தனக்காரர்களுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றினானாம். மாடியில் படுத்துக்கொண்டானாம். அதிகம் பேச மாட்டானாம். வேலை இல்லாத நேரத்தில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பானாம். "ஊரு இன்னா, அப்பா பேரு இன்னான்னு ஒரு நாளு கேட்டேங்க்கா. கேட்டது தப்பாப் போச்சு. மறுநாளே துணிய எடுத்துகினு பூட்டான். எங்க படுக்கறானோ தெரியல. அன்னதானத்துல துண்றான்னு சொன்னாங்க."

"இந்த ஊர்லதான் இருக்கானா?"

"தெனமும் சாயங்காலம் மலை சுத்தறான். அத மட்டும் விட மாட்டான். நானே பாத்தனே, முந்தாநேத்து என் வாசலத் தாண்டிப் போனான். கூப்ட்டேன், தலயத் தொங்கப் போட்டுகினு போறான்."

உயிரோடு இருக்கிறான். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது. மொட்டை, பேச்சில்லை, மலையைப் பார்த்தபடி உட்காருகிறான், தினமும் சுற்றுகிறான். "சாமியாராப் போயிட்டானா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? படிச்ச பசங்கதான்க்கா இங்க வந்து இப்டி ஆவுதுங்க. நாளைக்குப் பௌர்ணமி. நீயும் சுத்து. சுத்தினா கெடச்சுடுவான்."

இதையே லாட்ஜ் மேனேஜரும் சொன்னார். டீக்கடைக்காரரும் சொன்னார். இந்த ஊரில் எதைத் தொலைத்தாலும் அதுதான் வழி போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் பூத்தில், "புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?" என்று என் கணவர் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். 

"மொட்டையா?" என்றார்.

"ஆமா."

"நல்ல மூளையுள்ள பயல். யாரோ மனச மாத்தியிருக்கான். யாருன்னு கண்டுபிடி."

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று: நல்ல மூளை, கவனம் போதாது. ஆறாம் வகுப்பிலிருந்து அவனுடைய கணக்குத் தாளில் நான் எழுதிவந்த சொல் 'கவனக்குறைவு'. அந்த ஒரு சொல்லில் அவனை உட்கார வைத்துவிட்டுத்தான் மற்ற செய்திகளைச் சுற்றிலும் அடுக்கிப் பார்த்தேன். மூளையுள்ள பையன் மொட்டையடித்துக்கொண்டு மலை சுற்றுகிறான் என்றால் யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். அன்றிரவு தூக்கம் இல்லை.

பௌர்ணமி அன்று மத்தியானத்திலிருந்தே ஊர் நிரம்பத் தொடங்கியது. மலை சுற்றும் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் ராஜகோபுரத்தின் முன்னாலிருந்து நடக்க ஆரம்பித்தேன். செருப்போடு சுற்றக்கூடாது என்று ஒரு பாட்டியம்மா அதட்டியதால் செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, கையில் தொங்கவிட்டுக்கொண்டேன். தார் இன்னும் சுட்டது.

மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போகவேண்டும். போனார்கள். வேலூரிலிருந்து வந்த குடும்பங்கள், கையில் டிரான்சிஸ்டரோடு கல்லூரிப் பையன்கள், தோளில் குழந்தையோடு தகப்பன்மார்கள். நான் விறுவிறுவென்று அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். அவன் எனக்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான், எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. மொட்டைத் தலை தெரிந்தால் போதும், ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திரும்பிய முகமெல்லாம் வேறு வேறு. ஒருவர் சிரித்துக்கொண்டே, "நான் உன் புள்ள இல்ல தாயே. எனக்கே மூணு புள்ளைங்க, ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்றார்.

சரோஜா தன் வாசலில் அண்டா வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "யக்கா, கெடச்சானா?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கத்தினார். இல்லையென்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். மலையைச் சுற்றி வழி நெடுகச் சின்னச் சின்ன லிங்கக் கோயில்கள். நிருதி லிங்கத்தின் அருகே யாரோ நீர்மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நடந்தவள், வருண லிங்கம் வரை வந்த பிறகுதான் கையில் மஞ்சள் பை இல்லாததைக் கவனித்தேன். போனால் போகிறது. திரும்பிப் போக நேரமில்லை.

எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ப்பா, இது வேற மலையா?"

"அதே மலதாண்டி."

"அங்க ஒல்லியா இருந்துச்சு. இங்க குண்டா கீது."

"மல அப்டியேதான் கீது. நாமதான் இந்தப் பக்கம் வந்துட்டம்."

அடி அண்ணாமலை வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. கால் கொப்பளித்திருந்தது. ஒரு குழாயடியில் நின்று பாதத்தை நனைத்தேன். சாலை நிறைய ஜனம். அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் புறப்பட்டதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் முதுகுகள் என்பது உறைத்தது. கிட்டப் போய்த் தொட்டால் ஒழிய ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் வருடந்தோறும் ஒரு கணக்குப் போடுவேன். வட்டப் பாதையில் இரண்டு பேர், வேறு வேறு இடத்திலிருந்து, ஒரே திசையில், ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். எப்போது சந்திப்பார்கள்? பிள்ளைகள் பெருக்கி, வகுத்துத் திண்டாடுவார்கள். சந்திக்கவே மாட்டார்கள் என்பதுதான் விடை. விடையைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். எத்தனை பிள்ளைகளின் தாளில் அந்த விடைக்குச் சரி போட்டிருப்பேன்! அதே கணக்குக்குள் புகுந்து மூச்சு வாங்க நடந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊரில் கேட்ட எந்தச் செய்தியும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. என் கைவசம் இருந்த கணக்கு.

திரும்பி, வந்த பக்கமே நடக்கத் தொடங்கினேன்.

"யம்மா, யம்மா! எதுத்தாப்புல வராத! ஆகாது!"

"இன்னாம்மா, படிச்சவங்களாட்டம் கீறீங்க, இடமா சுத்தறீங்களே?"

"வழிய விடுங்கப்பா, அதுக்கு இன்னா கஷ்டமோ!"

மலை என் இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. திட்டு விழ விழ, கூனிக் குறுகி ஓரமாக நடந்தேன். ஆனால் அன்றைக்கு முதன்முறையாக முகங்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வேர்த்து, களைத்து, முணுமுணுத்து, எனக்கு நேரே வந்தன. அதிக தூரம் போகவில்லை. பத்துப் பதினைந்து ஆட்களைத்தான் தாண்டியிருப்பேன். முதலில் தெரிந்தது என் மஞ்சள் பை. பிறகு அதை நெஞ்சோடு பிடித்திருந்த கை. அதற்கும் மேலே ஒரு மொட்டைத் தலை, துருத்திக்கொண்ட காது, இளைத்துக் கறுத்த முகம். நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர் அவன்மேல் மோதி, "நடப்பா!" என்றார்.

நான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். கை சூடாக இருந்தது. அதைத்தான் முதலில் சோதித்தேன் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போதும் என் உள்ளங்கையில் அந்தச் சூடு தெரிகிறது.

"எப்பலருந்துலே என் பின்னால வாற?"

"எமலிங்கத்துல பாத்தேன். அங்கருந்து."

"சரோஜா வீட்டத் தாண்டும்போதுமா?"

"ஆமா. அந்த அக்கா பாத்திரும்னு குனிஞ்சு வந்தேன்."

"கூப்பிட வேண்டியதுதானல?"

"கூப்பிடணும்னுதான் வந்தேன். வாய் வரல. நீ எங்கயாச்சும் உக்காருவ, பக்கத்துல வந்து நிக்கலாம்னு பாத்தேன். நீ உக்காரவே இல்ல யம்மா. முன்னாலயே பாத்துக்கிட்டு ஓடுத." பையை நீட்டினான். "செருப்ப விட்டுட்டுப் போயிட்ட."

நாங்கள் நின்ற இடத்தில் இரண்டு பேருக்கு வழி அடைத்தது. "சேந்து போங்க, இல்ல ஓரமாக் குந்துங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். குமார் என் தோளைத் தொட்டு மெதுவாகத் திருப்பினான். "இந்தப் பக்கம் யம்மா. அப்படிப் போனா எல்லாரும் ஏசுவாங்க."

பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். யார் உன் மனதை மாற்றினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, "ஏன் மொட்டை?" என்று கேட்டேன்.

"பேன். படுத்த எடத்துல ஒட்டிக்கிட்டு. தாங்க முடியல."

"தெனமும் மலை சுத்துறியாமே?"

"சும்மா உக்காந்தா பயமா இருக்கு. நடந்தா கொஞ்சம் தேவலை."

சாமியார்த்தனம் என்று நான் முந்தின நாளிலிருந்து சுமந்தது அவ்வளவுதான், பேனும் பயமும். கொஞ்ச தூரம் போன பிறகு அவனாகச் சொன்னான்.

"கணக்குலதான் போச்சு யம்மா. மூணாவது தடவையும். மத்த எல்லாம் பாஸ்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கணக்கு டீச்சர் மகன், நல்ல மூளை. ஆனால் அவன் சொன்னதும் எனக்கு அதிர்ச்சியாக இல்லை, அதுதான் அதிர்ச்சி. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் அவனுக்கு வயிற்றுவலி வரும். நான் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பேன். நான் சொல்லித்தந்த கணக்கை அப்படியே திரும்பப் போடுவான். எண்ணை மாற்றிக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான், விடை என் முகத்தில் இருக்கிறாற்போல. சிரித்துக்கொண்டே பார்ப்பான். காபிக் கடைக் கிழவர் சொன்ன சிரிப்பு. இதெல்லாம் என் கண் முன்னால், என் சாப்பாட்டு மேசையில் நடந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதி மூடிவைத்திருந்தேன்.

நிலா மேலே வந்திருந்தது. மலையின் இந்தப் பக்கம் இன்னும் அகலமாகத் தெரிந்தது.

"வீட்டுக்கு வா குமார்."

 வாயு லிங்கம் போனது. சூடம் கொளுத்தும் வாசனை வந்தது. அவன் நடையின் வேகம் குறைந்தது.

"வந்தா கணக்குச் சொல்லித் தருவியா?"

"உனக்கு வேணும்னா..."

"வேண்டாம். அதுக்குத்தான் கேக்கேன். சொல்லித் தருவேன்னா நான் வரல."

இருபது வருடத்துக்கு மேல் ஊரார் பிள்ளைகள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்படி என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். என் பிள்ளை அது வேண்டாம் என்ற உத்தரவாதம் கேட்டு, மொட்டைத் தலையோடு நடுச்சாலையில் நிற்கிறான்.

"சொல்லித் தரமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. வேற என்ன செய்யலாம்னு மெதுவாப் பாப்போம்."

"அப்பா?"

"அப்பா போன்கிட்ட உக்காந்திருக்காங்க."

அவன் முகம் சுளித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று இனி நான் சொல்வதாகவும் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினான். குபேர லிங்கத்துக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டியில் இட்லி வாங்கினேன். வண்டிக்காரர் வேர்க்கடலைச் சட்னியை ஊற்றினார். வேண்டாம் என்று தடுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் குமார் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

"ஒனக்குப் பிடிக்காதுல்லா?"

"இப்பப் பிடிக்கி."

சுற்று முடியும் இடத்துக்கு அருகே ஒரு எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தது. வரிசையில் நின்று உள்ளே போனோம். கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம். நம்பரைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?"

"புதுசா ஒண்ணும் இல்ல. இந்தாங்க" என்று ரிசீவரைக் குமாரின் காதில் வைத்தேன்.

அவன் எதுவும் பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டான். அந்தப் பக்கமும் பேச்சில்லை. வெறும் மூச்சைக் கேட்டே அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வைக்கவும் இல்லை. கூண்டுக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். மீட்டர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.